ரிக்லின்டின் கல்யாணத்துக்கு அண்ணன் வந்த கதை

ஆல்டன்ஃபெல்ஸ் கோட்டை,
ஈஸ்டர் முடிந்த வாரம்

அன்பு மகள் இர்ம்கார்டுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த ஹங்கேரிக் குளிரைத் தாண்டி நல்லபடி இருக்க ஆண்டவர் காப்பாராக. இங்கே எல்லோரும் சுகம், உன் தம்பி தீட்மாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆமாம், வந்துவிட்டான். நான் வேகமாகச் சொல்கிறேன் என்று, இதை எனக்காக எழுதும் பாதிரியார் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கிறார், இருக்கட்டும்.

ஆற்றங்கரைச் சண்டையில் அவனைப் பிடித்துப்போன ராஜா வீகார்டே பகையை முடிக்க நம் ரிக்லின்டைப் பெண் கேட்டு பிஷப்பை அனுப்பினார். கல்யாணம் முடிந்த மறுநாளே பிள்ளையை விட்டுவிடுவதாக பிஷப் சொன்னார், நான் சரி என்று தலையாட்டவிருந்தேன். மது ஊற்றிக்கொண்டிருந்த உன் தங்கை ஜாடியை வைத்துவிட்டு, "அப்பா இல்லாத பொண்ணை அண்ணன்தானே கைப்பிடிச்சுக் குடுக்கணும், அவனை நீங்க பூட்டி வச்சிருக்கீங்களே" என்றாள். மாமன் கொடுக்கட்டுமே என்றார் பிஷப். "அண்ணன் உசுரோட இருக்கும்போது மாமன் குடுத்தா அது கல்யாணம் இல்ல, திருட்டு. நாளைக்கு இவ முறையான பொண்டாட்டியே இல்லன்னு எவனாவது கிளப்பிவிட்டா, உங்க ராஜாவோட பிள்ளைக்கு மகுடம் ஏது?" என்று கேட்டாள் பார், பிஷப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து குதிரை ஏறிவிட்டார். வந்த வாழ்வை விரட்டிட்டியேடி பாவி என்று நான் அழுதேன். "விரட்டலம்மா, அண்ணனைக் கூட்டிட்டு வர அனுப்பியிருக்கேன்" என்றாள். எனக்கு நம்பிக்கையில்லை, சண்டை வருமென்று ஆடுமாடுகளைக்கூடக் கோட்டைக்குள் ஓட்டிவைத்தோம்.

நேற்றுக் காலை ராஜாவின் கொடி தெரிந்தது, நடுவில் எலும்பும் தோலுமாக உன் தம்பி. நான் ஓடியதில் செருப்பு சேற்றிலேயே நின்றுவிட்டது. அவன் என்னைக் கட்டிக்கொண்டு, "அம்மா, ரொட்டி இருக்கா" என்றான், அவ்வளவுதான், நான் உடைந்துபோனேன். பெண்ணை மிரட்டிக் கூட்டிப்போக வரவில்லை, பணிந்து கேட்க வந்திருக்கிறோம் என்றார் பிஷப். தன் சபை முழுக்கத் தலையாட்டிகள்தான், எதிர்த்துப் பேசுகிறவள் ஒருத்தி வேண்டும் என்று ராஜா சிரித்தாராம். இன்னும் ஆறு வாரத்தில், பெந்தெகொஸ்தே திருநாளில் மைன்ஸ் நகரத்தில் கல்யாணம், அன்றே அவளுக்கும் முடிசூட்டு.

நீ படகிலேயே வா, வயிற்றுப்பிள்ளையோடு குதிரை வேண்டாம். மாமியார் தடுத்தால் மாப்பிள்ளையை விட்டுப் பேசச் சொல், நீ வாய் கொடுக்காதே.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. இத்தனை பேசியவள், எல்லோரும் போனபின் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மெல்ல, "அவர் எப்படிண்ணா?" என்று கேட்டாள். "பனிக்காலத்துல தன் போர்வையையே எனக்குக் குடுத்தனுப்பினார். ஆனா சதுரங்கத்துல தோத்தா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவார்" என்றான் இவன். "அப்ப பாவம், தோத்துப் பழகிக்கட்டும்" என்றாள் அவள்.

கன்னி மரியாள் உன்னையும் வயிற்றில் இருப்பதையும் தன் நிழலில் வைத்திருக்கட்டும்.

மூன்று பிள்ளைகளையும் மறுபடி ஒன்றாகப் பார்க்கப்போகும்
உன் அம்மா ஹடெவிக்