அவர் கடைசியாகச் சொன்னது

சென்னை, பெரம்பூர்
27.2.2025

மரியாதைக்குரிய அக்தர் பானு அக்கா அவர்களுக்கு, தேவேந்திரன் வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் வீட்டுக்காரரின் பெட்டியைப் பார்சலில் போட்டிருக்கிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அவர் எங்களோடு சாரம் கட்ட வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. குடும்பத்தைப் பற்றிக்கூட நான் கேட்டதில்லை. அவர் சாரத்திலிருந்து விழுந்ததும் வாரித் தூக்கி ஆட்டோவில் கிடத்திக்கொண்டு பறந்தோம். வழியெல்லாம் பையனையே கேட்டார். "வந்துடுவான் பாய், பையன் வந்துடுவான்"னு சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போய்விட்டது. உங்கள் பையனை நன்றாகப் படிக்க வையுங்கள்.

இப்படிக்கு,
தேவேந்திரன்


மேலப்பாளையம்
8.3.2025

அன்புள்ள தம்பி தேவேந்திரனுக்கு, அக்தர் பானு எழுதிக்கொண்டது.

பெட்டி வந்து சேர்ந்தது. புருஷன் போனபின் நாலு மாதம் பத்து நாள் இருக்கிற இத்தாவில் இருக்கிறேன், வெளி ஆண்களோடு போனில் பேசுவது முறையில்லை.

தம்பி, எங்களுக்குப் பையன் கிடையாது. ஒரே மகள், ஹம்னா. ஆண்பிள்ளைக்காக இன்னொரு நிக்காஹ் செய்யச் சொல்லி என் மாமியார் அவரைப் படுத்திய காலம் உண்டு. "பேசாம கெடம்மா, எனக்கு என் மவ போதும்" என்று வாயை அடைத்தார். அந்த மனுஷன் எந்தப் பையனைக் கேட்டார்? உங்கள் கடிதம் வந்ததிலிருந்து நோன்புக் கஞ்சிகூடத் தொண்டையில் இறங்கவில்லை. அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருந்தால் மறைக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கும் வாப்பா போய்விட்டாரே.

அக்தர் பானு


பெரம்பூர்
14.3.2025

அக்கா,

படித்ததும் அவரோடு அறையில் தங்கியிருந்த எல்லோரையும் கேட்டேன். உங்களையும் மகளையும் தவிர அவர் யாரிடமும் போனில் பேசியதில்லை. சத்தியம்.

யோசித்துப் பார்த்தேன். அவர் 'பையன்' என்று சொல்லவில்லை. "பைய... பைய..." என்றுதான் சொன்னார். மூச்சு வாங்கியது, முழுதாகச் சொல்ல முடியவில்லை என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஆட்டோ பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் என் கையை இறுக்கிக்கொண்டு அதையே சொன்னார். உங்கள் பக்கம் அதற்கு வேறு அர்த்தம் உண்டா?

தேவேந்திரன்


மேலப்பாளையம்
22.3.2025

அன்புள்ள தம்பி,

உண்டு. பைய என்றால் மெதுவாக. இங்கே எல்லோர் வாயிலும் புழங்குகிற சொல். ஹம்னா சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஆற்றுப் படியில் "பைய எறங்குளா" என்று பின்னாலேயே போவார்.

உங்களை மெதுவாகப் போகச் சொல்லியிருக்கிறார், தம்பி. அவருக்கு வலித்திருக்கிறது.

இதை எழுதுவதா, விடுவதா என்று நாலு நாள் தவித்தேன். அவரைப் பிழைக்கவைக்கத்தான் நீங்கள் பறந்தீர்கள். மெதுவாகப் போயிருந்தால் அதற்காக நானே உங்களைத் திட்டியிருப்பேன். உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் என் மேல்தான். இருபது வருஷம் கூட வாழ்ந்துவிட்டு, மண்ணுக்குள் போன மனுஷனைப் பதினைந்து நாள் சந்தேகப்பட்டேன். அல்லாஹ்விடம் அழுதுவிட்டேன். அவரிடம் எங்கே போய்ச் சொல்வேன்?

ஜூன் கடைசியில் இத்தா முடிகிறது. வீட்டாரோடு ஒருமுறை வந்து போங்கள். வாப்பா கடைசியில் என்ன சொன்னார் என்று ஹம்னா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். என்னால் முடியவில்லை. கூட இருந்த நீங்களே சொல்லுங்கள், அவர் சொன்னபடியே.

அவளுக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை.

உங்கள் அக்கா,
அக்தர் பானு