ஆத்துப்பேச்சில் ஒரு பதில்

கார்த்திகை, செவ்வாய் ராத்திரி. எழுத வராது, போனில் பேசி வைக்கிறேன்.

எங்க பையன் சின்னவனா இருந்தப்ப, கூலிக்குப் பனியன்ல நூல் பிசிறு வெட்டிக்கிட்டே என் சம்சாரம் சரசு ஒரு நாட்டைக் கதையில் உண்டாக்கினாள். அந்த நாட்டுக்குன்னு அவளே கட்டின ஒரு பாஷை, தாய்ப்பேச்சு. அதுக்குப் பிறந்தது மலைப்பேச்சும் ஆத்துப்பேச்சும். தாய்ப்பேச்சு அவளுக்கு, மலை எனக்கு, ஆறு பையனுக்கு. அப்படித்தான் ஊட்டுக்குள் பேசிக்குவோம்.

அவனைக் காய்ச்சல் கொண்டுபோனதும் எல்லாம் நின்னுபோச்சு.

இப்போ சரசுக்கு ஞாபகம் தப்பிருச்சு. நேத்திலிருந்து சோறு வேண்டாங்கிறாள். இன்னைக்கு தாய்ப்பேச்சில் அவனைக் கூப்பிட்டாள். மனசு கேக்காம ஆத்துப்பேச்சில், "நீ தின்னாத்தான் நானும் தின்பேன்" என்றேன்.

"திருட்டுப்பயலே, இத்தனை நேரம் எங்கடா போனே?" என்று சிரிச்சுக்கிட்டே தின்றாள். அப்புறம், "உங்கப்பா இன்னும் ஊட்டுக்கு வரலையா, கண்ணு?" என்றாள்.

"வந்துருவாரும்மா."

நான் வர்ற வரைக்கும் கதவைச் சாத்தக்கூடாதாம். வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.