விடுதிக்காரி பஸ் ஏறின ஞாயிறு

ஜூலை 3, வியாழன்

காலமை நல்ல குளிர். கார்க் கண்ணாடி முழுக்கப் பனி. சுடுதண்ணி ஊத்தப் போனன், கண்ணாடி வெடிக்கும் எண்டு இவர் தடுத்திட்டார்.

முடிவாகிட்டுது, படத்துக்குக் குரல் நான்தான். டூங்கபி முதியோர் சங்கத்தில இந்த மாதம் ஒரு பழைய பிரெஞ்சுச் சிரிப்புப் படம். நாவலில இருந்து எடுத்தது, கறுப்பு வெள்ளை. கீழ ஓடுற இங்கிலிஷ் எழுத்து, எங்கட ஆக்கள் கண்ணாடி தேடி எடுக்கிறதுக்கிடையில போயிடும். அதால மைக்கைப் பிடிச்சு எல்லாற்ற கதையையும் நானே தமிழில சொல்லுறது. பரிஸில ஹோட்டல் கட்டில் விரிச்சுக்கொண்டு பழகின பிரெஞ்சு. சிட்னிக்கு வந்த பிறகு ஒருத்தரும் கேக்கேல்ல. இப்ப கேட்டினம்.

இவர்: "தொண்டை தாங்குமே?"

தைரொயிட் ஒப்பரேசனுக்குப் பிறகு குரல் கரகரப்பு. கோயில் பாட்டுக்குழுவுக்கும் போறேல்ல. ஆனா இது பாட்டில்லையே, கதைதானே. தாங்கும்.

ஜூலை 5, சனி

படம் ரெண்டாந்தரம் பாத்தன். மலைப்பக்கத்தில ஒரு சின்ன ஊர். அங்க ஒரு விதவை விடுதி நடத்துறா. ஊர்த் தலைவர், வாத்தியார், தபால்காரன், மூண்டு பேரும் அவவைக் கட்ட நிக்கினம். ஆளையாள் குழி பறிக்கிறதுதான் சிரிப்பு. ஊர்த் தலைவர் பூங்கொத்தோட கோழிக்கூட்டுக்குள்ள ஒளிக்கிற இடம் பாத்து வயிறு நொந்தது. கடைசியில அவ மூண்டு பேருக்கும் சூப் ஊத்திக் குடுத்திட்டு, ஏப்ரனைக் கழட்டி ஆணியில கொழுவிப்போட்டு, தனிய பஸ் ஏறிப் போறா.

நாவலும் வாசிச்சனான், பரிஸில, பிரெஞ்சு வகுப்பில. அதில தபால்காரனைக் கட்டுறா. படத்துக்காரர் மாத்திப்போட்டினம். படம்தான் திறம்.

வாங்க: சீரகம், பால், தொண்டைக்கு அதிமதுரம்.

கரகரத்த குரல் படத்து ஆம்பிளையளுக்கு அச்சொட்டாப் பொருந்துது. குசினியில ஊர்த் தலைவராக் கத்திப் பாத்தன். ஆரோ வந்திட்டினம் எண்டு இவர் சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

ஜூலை 9, புதன்

மழை. சங்கத் தலைவர் செல்வராசா அண்ணை வந்தவர். தேத்தண்ணி ரெண்டு தரம். கடைசிக் காட்சியைப் பாத்திட்டுத் தலையைச் சொறிஞ்சார்.

"தங்கச்சி, முடிவைக் கொஞ்சம் மாத்துவமே?"

"என்னெண்டு?"

"அந்தத் தபால்காரனைக் கட்டுறதா வாயால சொல்லிவிடும். பிரெஞ்சு ஆருக்கு விளங்கப்போகுது? வாறதில பாதி தனிச்ச பொம்பிளையள். மனம் நோகும்."

"அவ பஸ்ஸில ஏறுறது எல்லாருக்கும் தெரியும் அண்ணை. நான் வாயால தாலி கட்ட ஏலாது."

"புத்தகத்தில கட்டினவ எண்டு நீர்தானே சொன்னனீர்?"

கோப்பையளை எடுத்து அடுக்கினன். பிறகு சொன்னன்: "நோகுதோ இல்லையோ, பாத்திட்டு அவையே சொல்லட்டும்."

போகேக்க, சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு, "பாப்பம்" எண்டார். பாக்க ஒண்டுமில்லை. மாத்தமாட்டன்.

ஜூலை 13, ஞாயிறு

பூசை முடிய மண்டபம். கதிரை போதாமல் பக்கத்து அறையில இருந்து இழுத்தது. முன் வரிசையில பிலோமினா அன்ரி. புருசன் காலமானாப் பிறகு தொடர்மாடி யூனிற்றில தனிய இருக்கிறவ. மகன் ஜூட் மெல்பேர்னில இருந்து நாளைக்கு வாறான், வீட்டைக் காலி பண்ணி அவவைக் கூட்டிக்கொண்டு போக. "கிளென் வேவர்லி நல்ல இடமாம். பேரப்பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் கிட்ட. எனக்கு ஒரு அறை." கேட்ட எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சொன்னா, பாடமாக்கினது போல.

படம் நல்லாப் போனது. கோழிக்கூட்டுக்கு மண்டபமே குலுங்கினது. எனக்குப் பயமே வரேல்ல.

கடைசிக் காட்சி. அவ ஏப்ரனைக் கழட்டுறா. நான் வாயைத் திறக்கிறன், காத்துத்தான் வருது. தண்ணி குடிச்சன். திரும்பவும் காத்து. செல்வராசா அண்ணை மைக்குக்கு எழும்புறார். முடிஞ்சுது, கட்டிவைக்கப்போறார் எண்டு நினைச்சன்.

அதுக்கு முன்னம் லப்டொப்புக்குப் பக்கத்தில இருந்த இவர் என்ர கையில இருந்து மைக்கை வாங்கிட்டார். கூட்டத்தில வாயே திறக்காத மனுசன். பிரெஞ்சு ஒரு சொல் தெரியாது. நான் குசினியில முழுக் கதையையும் சொல்லிப் பழகினதைக் கேட்டதுதான்.

பஸ்காரன்: "எங்க போகவேணும்?"

விதவை, இவற்ற தடிச்ச குரலில: "இந்த பஸ் எதுவரைக்கும் போகுதோ, அதுவரைக்கும்."

ஆம்பிளைக் குரலெண்டு ஒருத்தரும் சிரிக்கேல்ல. கொஞ்சம் பொறுத்துத்தான் கை தட்டினவை. முதல் தட்டினது பிலோமினா அன்ரி.

காரில இவற்ற கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தன்.

ஜூலை 15, செவ்வாய்

வெயில். உடுப்புக் காயப்போட்டாச்சு. குரல் அரைவாசி வந்திட்டுது.

பத்து மணிபோல ஜூட் போன். தாயின்ர யூனிற்றில நிக்கிறான், சத்தம் எல்லாருக்கும் கேக்கிறமாதிரிப் போட்டு. "அன்ரி, அம்மாக்கு என்ன படம் காட்டினீங்கள்? லொறி வாசலில நிக்குது. வரமாட்டன் எண்டுறா."

விடுதிக்காரியைப் பற்றிச் சொன்னன்.

"அப்ப அவ வெளிக்கிட்டுப் போறாதானே அம்மா? நீங்களும் வெளிக்கிடுங்கோவன்."

பின்னால பிலோமினா அன்ரி, ஆறுதலா: "அவ தானா நினைச்சுப் போனவ. நான் நானா நினைச்சு இங்கயே இருக்கிறன்."

பிறகு ஜூட், சின்னக் குரலில: "அன்ரி, நீங்களாவது சொல்லுங்கோ."

சொன்னன். லொறியைத் திருப்பி அனுப்பச் சொல்லி.