பிடி விட்ட பக்கம்

ஆகஸ்ட் 4

அப்பா இன்றும் பஸ் டிப்போவுக்குப் போகவில்லை. புராஸ்டேட் சுரப்பியைப் புற்றுக் கட்டியோடு எடுத்துச் சில மாதங்களாகிவிட்டன. சோபாவில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இருமினால் சிறுநீர் கசிந்து நனைகிறது. யாரும் பார்க்காத மாதிரி நடிக்கிறோம்.

"ஸ்டியரிங் வேணாமாம். டிக்கெட் கவுன்டர்ல உக்காரச் சொல்றாங்க," என்றாள் அம்மா.

அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ஆகஸ்ட் 6

உடற்கூறு வகுப்பு. எங்கள் மேஜையில் ஓர் ஆண் உடல். இடுப்பின் முன் எலும்புக்குப் பின்னாலிருந்த கொழுப்பை அகற்றினேன். இடது பக்கம் முடிந்ததும் ஆசிரியை எட்டிப் பார்த்தார்.

"நார் எங்கப்பா? கொழுப்போட சேத்து வழிச்சுட்டியே!"

வலது பக்கத்தைக் காட்டினார். சின்ன வெள்ளைப் பட்டை. எலும்பிலிருந்து புராஸ்டேட்டுக்கு. சுரப்பியையும் சிறுநீர்ப்பையின் கழுத்தையும் முன்னால் பிடித்துவைப்பது. இடுக்கியால் இழுத்தேன். வலது பக்கம் அசையவில்லை. இடது பக்கம் ஆடியது.

"செத்த ஆளு கேஸெல்லாம் போட மாட்டாரு, விடுடா," என்றான் என் மேஜையிலிருந்த நெட்டையன்.

விடவா? அப்பாவுக்கும் இப்படித்தானே வழித்துப் போட்டிருப்பான் அந்த சர்ஜன்?

ஆகஸ்ட் 7

கோபம். வேறு எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 13

சர்ஜனிடமே போய்க் கேட்டேன். அந்த நாரை வெட்டினீர்களா?

"வெட்டினேன்." தயக்கமே இல்லை. "விட்டுவச்சா கசிவு சீக்கிரம் நிக்கும்னு சிலர் சொல்றாங்க. கட்டி அதுவரைக்கும் வந்திருந்துச்சு, எப்படி விட? மூத்திரத்த அடக்க அடியில தசை இருக்குப்பா. பயிற்சிக்கு அனுப்பினேனே, போறாரா?"

போகிறாரா?

அதே நாள், மாலை

ஒரே தடவை போயிருக்கிறார்.

"ஒரு பொண்ணு வந்து மூத்திரத்த அடக்குற மாதிரி இறுக்குங்க, விடுங்கங்குது. பஸ் ஓட்டுறவனுக்கே அடக்கக் கத்துக் குடுக்குறா!"

கத்திவிட்டேன். "காலமெல்லாம் அடக்குனீங்கல்ல, இப்ப அடக்கிக் காட்டுங்க! வயிறு இறுகக் கூடாது, தாடை இறுகக் கூடாது, அடியில மட்டும்—"

"பெரிய டாக்டர் வந்துட்டாரு. மொதல்ல உன் கோட்டத் துவை, பொணவாடை அடிக்குது."

கதவை அறைந்து சாத்தினேன். வெட்டியவனைத் திட்டலாம். வெட்கத்தை யார் திட்டுவது?

செப்டம்பர் 20

இன்னும் பேசவில்லை. துண்டு இருந்த இடத்தில் கைக்குட்டை.

டிசம்பர் 2

கல்லூரிக்குப் போக ஏறிய பஸ்ஸில், ஸ்டியரிங்கில் அப்பா. என்னைப் பார்க்காத மாதிரி இருந்தார்.

"உள்ள போங்க டாக்டர், வழிய மறிக்காம," என்றார் கண்டக்டர். என்னவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார் இந்த மனிதர்!

சிவப்பு விளக்கு. கண்ணாடியில் அவர் முகம். தாடை இறுகுகிறது. தளர்கிறது. மறுபடியும்.

தாடை வேண்டாம், அப்பா.