ரிப்பன் வெட்டாமல் வெள்ளத்தில் இறங்கிய படகு தொடர்பாக

அனுப்புநர்:
அ. இக்னேஷியஸ் (வயது 68),
எண் 11, லோரோங் கெனாங்கா 3,
கிள்ளான், சிலாங்கூர்.

பெறுநர்:
திரு. பரமேஸ்வரன் அவர்கள்,
இந்தியர் நலப் பிரிவு அதிகாரி,
மாவட்ட அலுவலகம், கிள்ளான்.

பொருள்: நான் தானமாகக் கொடுத்த பழைய பொந்தூன் படகை நானே திருடியதாகப் போலீசில் புகார் கொடுக்கப்பட்டிருப்பது குறித்தும், மழைக்காலத்துக்கு முன் அப்படகின் சங்கிலியை அவிழ்த்துவிடக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவின் மலாய்ப் படியும் இத்துடன் இருக்கிறது. அதை மொழிபெயர்த்த என் மகள் வனேசா, அரசாங்கத்துக்கு இப்படியெல்லாம் எழுதக் கூடாது என்று சொல்லி முக்கால்வாசியை நீக்கிவிட்டாள். தாங்கள் தமிழ் படிப்பவர் என்று கேள்விப்பட்டேன். ஆகவே நீக்கப்பட்ட முக்கால்வாசியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

1. டெங்கிலில் முன்பு ஈயம் தோண்டிய பழைய குட்டை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து இருபது ஆண்டுகள் மீன்பிடிக் குளம் நடத்தியவன் நான். தூண்டில் போட வருபவர்களை நடுக்குளத்துக்கு அழைத்துப் போக ஒரு பொந்தூன் படகு வைத்திருந்தேன். இரண்டு நீண்ட அலுமினிய உருளைகள், அவற்றின்மேல் தட்டையான தளம், சுற்றிலும் கம்பி, மேலே கூரை. இடுப்பளவு நீர் இருந்தால் போதும், தாராளமாக மிதக்கும். மூன்று பேர் ஒரே பக்கம் நின்று ஒரே மீனுக்குச் சண்டை போட்டாலும் கவிழாது. இது நான் கண்ணால் கண்டது.

2. 2021 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் லோரோங்கில், அந்தச் சின்னச் சந்து முழுவதும், நீர் சன்னலைத் தொட்டது. அன்று என் படகு டெங்கிலில் காய்ந்து கிடந்தது, நான் கிள்ளானில் நனைந்து கிடந்தேன். எதிர்வீட்டு இராமலிங்கம் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர். அந்த வெள்ளத்தில் இரண்டு முறை போக முடியவில்லை. ஆறாம் நாள் இறந்துவிட்டார். யார்மீதும் நான் குறை சொல்லவில்லை, ஊரே கூரைமேல் நின்ற நேரம் அது. ஆனால் அந்த லோரோங்கில் படகு வைத்திருந்தவன் நான் ஒருவன்தான், அதையும் ஊருக்கு வெளியே வைத்திருந்தேன். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

3. 2023இல் குத்தகை முடிந்தது. படகை வீட்டு வாசலில் நிறுத்தினால் பக்கத்து வீட்டுக் கார் வெளியே வர முடியாது. ஆகவே லோரோங் கோடியில் பெரிய வளாகம் வைத்திருக்கும் நீலத்தாமரை பொதுநலச் சங்கத்துக்கு அதைத் தானமாகக் கொடுத்தேன். நான் வைத்தது ஒரே நிபந்தனை: படகும் சாவியும் எப்போதும் அந்த வளாகத்திலேயே வெள்ளத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். சங்கத் தலைவர் டத்தோ சபாபதி அவர்கள் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்க குடுத்தது படகு இல்ல, புண்ணியம் லா," என்றார். பிறகு என்ஜின் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புண்ணியத்தின் சாவி இன்றுவரை அவரிடம்தான் இருக்கிறது.

4. நம் ஊர் வழக்கம் தாங்கள் அறியாததல்ல. பிரமுகர் வந்து தொடாதவரை எந்த நன்கொடையும் நன்கொடை ஆகாது. காசோலை கொடுத்தால் கதவளவு மாதிரிக் காசோலை பிடிக்க வேண்டும். படகுக்கு நான்கடி நீளத்தில் பிளைவுட் சாவி ஒன்று செய்து தங்க நிறம் பூசினார்கள். பிரமுகர் அந்தப் பெரிய சாவியைத் தலைவர் கையில் கொடுத்த பிறகுதான் சின்னச் சாவியைப் பயன்படுத்தலாம் என்று சங்கத்தின் செயலவை தீர்மானம் போட்டது. படகைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். தளத்தின் நடுவில் பிரமுகருக்காக வெள்ளை சாட்டின் போர்த்திய சோபா ஒன்று வைத்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே பூசாரியும் தயார்தான், பெரிய பூசாரிக்குத்தான் தேதி கிடைக்கவில்லை.

5. விழா மூன்று முறை ஒத்திவைக்கப்பட்டது. முதல் முறை பிரமுகர் வெளிநாட்டில் இருந்தார். இரண்டாம் முறை தைப்பூசம் குறுக்கிட்டது, பத்துமலையில் அவருக்கு இதைவிடப் பெரிய கூட்டம். மூன்றாம் முறை பந்தல் போட்டு, மைக் கட்டி, வடையும் பொரித்த பிறகு மழை வந்துவிட்டது. "வெள்ள மீட்புப் படகின் திறப்பு விழா மழை காரணமாக ஒத்திவைக்கப்படுகிறது" என்று பலகையில் எழுதி ஒட்டினார்கள். அதைப் படித்து நான் சத்தமாகச் சிரித்தேன். அதற்குச் செயலவை கண்டனம் தெரிவித்ததாகக் கேள்வி.

6. கடந்த மே 8, வியாழக்கிழமை காலை மறுபடியும் வெள்ளம். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். எங்களுக்கு இடுப்பளவுதான் என்பதால் அளந்து பார்க்க முடிந்தது: இரண்டு முழம். ஏழாம் எண் வீட்டுப் புஷ்பவல்லி அம்மாளுக்கு அன்று பதினொரு மணிக்கு டயாலிசிஸ். ஒருமுறை தவறினால் ஒன்றும் ஆகாது என்று சிலர் சொன்னார்கள். இராமலிங்கத்துக்கும் நாங்கள் அப்படித்தான் சொன்னோம்.

7. சங்க அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். எழுத்தர் விஷ்ணுப்ரியா மேசைமேல் ஏறி நின்றபடி பேசினார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அங்கிள், சாவி டத்தோகிட்ட இருக்கு. டத்தோ லங்காவியில இருக்காரு. இங்க பெரிய சாவிதான் இருக்கு, அது போதுமா?" போதும் என்றேன். என் மருமகன் ஜோனத்தனுடன் நீரில் நடந்து போனேன். விஷ்ணுப்ரியா சன்னல் வழியாக வளாகக் கதவின் சாவியையும் பெரிய சாவியையும் கொடுத்தார். படகு, அதை ஏற்றி நிறுத்தியிருந்த இழுவண்டியிலிருந்து தானே மிதந்து எழும்பி, ரிப்பனை இழுத்துக்கொண்டு நின்றது. கத்தரிக்கோலைத் தேட நேரமில்லாததால் ரிப்பனைப் பல்லால் கடித்து அறுத்தேன். பெரிய சாவியை ஜோனத்தன் துடுப்பாகப் போட்டான், நான் துணி காயப்போடும் மூங்கிலால் தள்ளினேன். பதினொரு பேரையும் இரண்டு பூனைகளையும் பெரிய சாலையில் இறக்கினோம். அங்கிருந்து ஒரு லோரி புஷ்பவல்லி அம்மாளை ஏற்றிப் போனது. பதினொன்றே முக்காலுக்கு அவரை இயந்திரத்தில் சேர்த்துவிட்டார்கள். இதை நான் எழுதும் இந்நேரம் அவர் தம் வாசலில் நின்று குப்பை வண்டிக்காரரைத் திட்டுவது கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு குளிர்கிறது.

8. டத்தோ லங்காவித் தீவிலிருந்து திரும்பியதும் போலீசில் புகார் கொடுத்தார். அதில் திருட்டுடன் மேலும் மூன்று குற்றங்கள் சாட்டப்பட்டுள்ளன. என் விளக்கம் வருமாறு:

(அ) பிரமுகருக்கு முன்பே ரிப்பனை அறுத்தது. உண்மை. ஆனால் பந்தலும் வடையும் இல்லாமல் அறுத்ததால் அதைத் திறப்பு விழாவாகக் கருத வேண்டியதில்லை.

(ஆ) மாதிரிச் சாவியைச் சேதப்படுத்தியது. தங்க நிறம் பாதி போய்விட்டது உண்மைதான். இருந்தாலும் அந்தச் சங்கத்தின் பொருள்களில் அன்று வேலை செய்தது அது ஒன்றே.

(இ) பிரமுகரின் சோபாவில் வேறொருவரை உட்கார வைத்தது. புஷ்பவல்லி அம்மாளுக்குக் கால் வீங்கியிருந்தது. கடைசிவரை கையைக் கட்டி அடக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தார். சாட்டினில் சேறு பட்டதற்கு அவரே பலமுறை மன்னிப்புக் கேட்டுவிட்டார்.

புகாரில் சாட்சியாகக் காட்டப்பட்டுள்ள விஷ்ணுப்ரியாவும் அன்று அதே படகில்தான் கரை சேர்ந்தார் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அந்தப் பெண்ணின் வேலைக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

9. இப்போது படகு வளாகத்துத் தூணில் இரண்டு பூட்டுகளுடன் சங்கிலியில் கிடக்கிறது. நான்காம் விழாவுக்குத் தேதி இல்லை. நான்கு வாக்கியம் கொண்ட மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டால் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சங்கம் சொல்கிறது. ரிப்பனுக்கும் சாவிக்கும் சோபாவுக்கும் மன்னிப்புக் கேட்க எனக்குத் தடையில்லை. நான்காம் வாக்கியம் "இனி எக்காலத்திலும் சங்க அனுமதியின்றிப் படகைத் தொடமாட்டேன்" என்பது. அதில் என்னால் கையெழுத்திட முடியாது. என் மனைவி மகதலேனா, போட்டுவிட்டுப் பிறகு மீறுங்கள் என்கிறாள். நான் ஞாயிறுதோறும் பூசைக்குப் போகிறவன். பொய் சொன்னால் அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியிருக்கும், எங்கள் பாதிரியாரோ அந்தச் சங்கத்தின் ஆலோசகர்.

10. கொடுத்த தானத்தைத் திரும்பக் கேட்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை, இப்போதும் கேட்கவில்லை. படகு சங்கத்துக்கே சொந்தமாக இருக்கட்டும். சங்கிலியை அவிழ்த்து, சின்னச் சாவியை வளாகத்தில் ஓர் ஆணியில் மாட்டிவைத்தால் போதும். இதற்குப் பிரமுகர் ஒருவர் கட்டாயம் வேண்டும் என்றால் தாங்களே வந்து புது ரிப்பனை வெட்டித் தருமாறு வேண்டுகிறேன். ஐந்து நிமிட வேலை. டத்தோ அவர்களைப் படத்தில் நடுவில் நிறுத்த எங்களுக்கு முழுச் சம்மதம். புஷ்பவல்லி அம்மாள் தேநீர் தருவதாகச் சொல்கிறார். செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ் நாள்கள், அவை மட்டும் அவருக்கு ஆகாது.

11. தங்களுக்கு ஆயிரம் அலுவல்கள் இருக்கும். வர முடியாமல் போகலாம். மழை வந்துவிடும். ஆகவே ஒன்றை முன்கூட்டியே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அடுத்த முறை நீர் புஷ்பவல்லி அம்மாள் வீட்டு இரண்டாம் படியைத் தொட்டதும் நான் சங்கிலியை அறுப்பேன். அன்று உட்கார்ந்து வாக்குமூலம் எழுத எனக்கு நேரம் இருக்காது. இம்மனுவையே அந்த வாக்குமூலமாகவும் ஏற்று, இதன் நகலைக் காவல் நிலையத்துக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்து இப்போதே போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
படகைக் கொடுத்தவனும் எடுத்தவனும் ஆகிய,
(ஒப்பம்) அ. இக்னேஷியஸ்

இடம்: கிள்ளான்
தேதி (மனுவுக்கு): 3.9.2025
தேதி (வாக்குமூலத்துக்கு): ........................