பத்தடியில் கட்டிய சாய்வு

அமிர்தகழி,
ஞாயிறு மத்தியானம்.

என் மகள் விதுர்ஷாவுக்கு,

கனடாக் குளிரில் நீயும் மருமகனும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற எண்ணத்தோடு அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதப் பேனா வருகுதில்லை மகள், ஆனால் மாமாங்கேஸ்வரர் புண்ணியத்தில் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், அம்மா சமைக்கிறா, தம்பி கஞ்சி குடிக்கிறான். எழுத்துக் கோணலாக இருந்தால் குறை நினைக்காதே, உள்ளங்கை இரண்டும் வெடித்துத் துணி சுற்றியிருக்கிறது. போனில் சொன்னால் அம்மா பக்கத்தில் நிற்பா, நீயும் இடையில் அழுவாய், முழுக்கச் சொல்ல விடமாட்டீர்கள், அதுதான் கடிதம். பேஸ்புக்கில் ஒரு கிழவன் களப்புக் கரை நீச்சல் தடாகத்தின் வாசலைச் சம்மட்டியால் உடைக்கிற வீடியோ ஓடுகிறதாம், நீயும் பார்த்திருப்பாய், அது நான்தான். வெறியில் உடைத்தான் என்று கீழே எழுதியிருக்கிறார்களாம், உன் தலைமேல் ஆணை, ஒரு சொட்டும் குடிக்கவில்லை.

போன வருஷம் லொறி அடித்துப் போட்டதிலிருந்து தம்பிக்குக் கால் இரண்டும் அசையாததும் வலது கை தேத்தண்ணிக் கோப்பையைக்கூடத் தூக்காததும் உனக்குத் தெரியும். தண்ணீருக்குள் பயிற்சி செய்தால் கையாவது மீளும் என்று டொக்டர் சொன்னபடியால் மூன்று மாதமாக அவனை அந்தத் தடாகத்துக்குக் கொண்டுபோனேன். பெயர்ப்பலகையில் மாற்றுத்திறனாளிகளுக்கும் உரியது என்று சக்கர நாற்காலிப் படமும் போட்டிருக்கிறார்கள். உள்ளே போனால் கழிப்பறைக் கதவுக்குள் நாற்காலி நுழையாது, அதற்குப் பயந்து பிள்ளை காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவான். தடாகத்துக்குள் ஆளை இறக்குகிற கதிரை ஒன்று வந்த நாளில் சுற்றிய பிளாஸ்டிக் உறையோடேயே களஞ்சிய அறைக்குள் கிடக்கிறது. அதை எடுத்துப் பொருத்தச் சொல்லிக் கேட்டால் முகாமையாளர் நல்லரத்தினம், உன்ட பொடியன் ஓராளுக்காகவா இளையதம்பி, பேசாமக் களப்பில குளிக்க விடு என்று சிரித்தான். முதல் நாள் வாசல் சாய்வில் நாற்காலியைத் தள்ள முடியாமல் நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். நாலு பேர் தூக்கிறது பிணத்தைத்தான் அப்பா, எனக்கு வேணாம் என்று தம்பி கத்திய கத்தில் குளித்துக்கொண்டிருந்த சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. அங்கே குளிக்க வருகிற காத்தான்குடிப் பாஹிம், இரும்பு ஒட்டுகிறவர், அவர்தான் ஒவ்வொரு நாளும் அவனைத் தோளில் போட்டுத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டார். அந்த மனிசனுக்கு நான் செருப்பாய்த் தேய்ந்தாலும் காணாது.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்து வெளியே வரும்போது, விடுங்க அப்பா, இண்டைக்கு நானே இறங்கிறன் என்றான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு சிரிப்பு, எனக்கும் ஆசை, கையை எடுத்தேன். சாய்வைக் கழுவிவிட்டு ஈரம் காயவில்லை. இரண்டு முழம் போகவில்லை, வலது சில்லைப் பிடிக்க அவன் விரல் மடங்கவில்லை, நாற்காலி வழுக்கிக்கொண்டு போய் இரும்புக் கேற்றில் அவன் முகத்தோடு அடித்தது. அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள் கிடக்கிறது மகள். நெற்றி பிளந்து, முன்பல் இரண்டு தெறித்து, பிள்ளை கவிழ்ந்து கிடக்கிறான், ரத்தம் வடிகானுக்குள் ஓடுகிறது. நல்லரத்தினம் வெளியே ஓடிவந்து முதல் சொன்ன வார்த்தை, கேற் நெளிஞ்சிட்டா பாருங்கடா. பாஹிம் தம்பியைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினதும் நான் திரும்பி நல்லரத்தினத்தின் சட்டையைப் பிடித்து அவனைச் சுவரில் அடித்தேன். முழங்கையில் தொங்கின ஹெல்மெட்டால் முகத்தில் குத்தினேன், மூக்கு உடைந்தது கையிலேயே தெரிந்தது, விழுந்தவனை உதைத்தேன், இரண்டு பேர் வந்து இழுத்திருக்காவிட்டால் கொன்றிருப்பேன். அவனுடைய மூக்குக்காக எனக்கு இன்னும் கவலை வரவில்லை, இதை வாசித்தால் அம்மா கடிதத்தைக் கிழித்துப்போடுவா. பிறகு தம்பியின் ஓட்டோவுக்குப் பின்னால் நான் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளில் கட்டியிருந்த வேலைச் சம்மட்டியை எடுத்து அந்தச் சாய்வை அடிக்கத் தொடங்கினேன். உடைகிறதா என்ன, பத்துத் தரம் ஓங்கிப் போட்டால் ஒரு சின்னத் துண்டு பேர்ந்தது, கை கிழிந்து பிடியெல்லாம் ரத்தம், பொலிஸ் வந்தும் நிறுத்தவில்லை, அவர்களும் கிட்ட வரப் பயந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அது ஏன் உடையவில்லை என்று கேள். நான் போட்ட கொங்கிறீற் அது. மூன்று வருஷத்துக்கு முன்னம், தம்பி கொழும்பில் வேலையாக இருந்த நேரம், அந்த வாசல் வேலையை எடுத்தது நான்தான். அப்போது வேலையை மேற்பார்த்ததும் இதே நல்லரத்தினம்தான். வரைபடத்தில் முப்பது அடி நீளம் போட்டிருந்தது, இரண்டரை அடி உயரத்துக்கு அவ்வளவு வேண்டும், இடையில் ஒரு திருப்பம், இரண்டு பக்கமும் கைப்பிடி. கார் விட இடம் காணாது, பத்தடியில முடி இளையதம்பி, ஆர் வரப்போறான் என்றான் அவன். நான் வாய் திறக்கவில்லை மகள். ஊரில் எத்தனை வீட்டுக்கு மோட்டார் சைக்கிள் ஏற்றச் சாய்வு கட்டியிருக்கிறேன், அதே கணக்கில் கட்டினேன். கைப்பிடி வைக்கவில்லை. அதோடு விட்டேனா, என் கைப்பழக்கம், சீமெந்துப் பால் ஊற்றித் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி மினுக்கிவிட்டு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மேசன் இளையதம்பியின் வேலை என்றால் மினுங்க வேண்டுமே. சக்கர நாற்காலியில் ஒருவன் வருவான் என்று எனக்கு ஒருக்காலும் தோன்றவில்லை, வருகிறவன் என் பிள்ளையாக இருப்பான் என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை. மூன்று மாதமாக அதில் அவனைத் தள்ளிக்கொண்டு ஏறும்போதெல்லாம் என் நெஞ்சுக்குள் ஒரு மிருகம் கடித்தது, வாய் மட்டும் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பிணையில் வந்தேன். தம்பிக்கு நெற்றியில் எட்டுத் தையல், நேற்று வீட்டுக்கு வந்துவிட்டான். மாற்றுத்திறனாளிகள் சங்கத்து ஆட்கள் வந்து என் கையைப் பிடித்து, உங்களைப் போல ஒரு தகப்பன் வேணும் என்றார்கள். அடுப்புக்குள் தலையை வைத்த மாதிரி இருந்தது. நாளைக்கு எங்களை மத்தியஸ்த சபைக்குக் கூப்பிட்டிருக்கிறது. நேற்றுப் பின்னேரம் நல்லரத்தினம் ஆள் அனுப்பினான், நீளத்தைக் குறைக்கச் சொன்னது ஆர் என்று நீ பேசாதே, கட்டினது ஆர் என்று நான் பேசமாட்டன், வழக்கையும் விட்டுவிடுகிறேன் என்று. இரவு முழுக்க யோசித்தேன், உன்னிடம் மறைப்பானேன், சரி என்று சொல்லத்தான் மனம் போனது.

காலையில் கஞ்சி கொடுக்கும்போது தம்பி, எனக்காக நீங்க கை கிழிய உடைச்சீங்களே அப்பா என்று இடது கையால் என் கட்டுப்போட்ட கையைத் தடவினான். அதற்குமேல் என்னால் முடியவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், பத்தடி, மினுக்கம், எல்லாம். தையல் போட்ட முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அடித்தான் மகள். பளார் என்று கன்னத்தில், என் கண் இருண்டது, அம்மா குசினிக்குள் இருந்து ஓடிவந்து என்னடா தகப்பனுக்குக் கை நீட்டுறாய் என்று தலையில் அடித்துக்கொண்டா. அப்போதுதான் நாங்கள் இரண்டு பேரும் கண்டோம், அவன் அடித்தது வலது கையால். விரல் மடங்காத அந்தக் கை தோளிலிருந்து வீசி என் முகம்வரை வந்திருக்கிறது. அவன் தன் கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அப்பா, மற்றக் கன்னத்தைக் காட்டுங்க, இன்னொருக்காப் பாப்பம் என்றான். காட்டினேன்.

நாளைக்குச் சபையில் கட்டினவன் நான், குறைக்கச் சொன்னவன் அவன் என்று இரண்டையும் சொல்லப்போகிறேன். மூக்குக்குத் தண்டனை வந்தாலும் வரட்டும். சாய்வை முப்பது அடியில், நாற்காலி வழுக்காத சொரசொரப்போடு, என் கையால் திருப்பிக் கட்டித்தருகிறேன் என்று கேட்பேன், கைப்பிடிக்குப் பாஹிம் இரும்பு ஒட்டித்தருவார். நடுவில் தம்பி நாற்காலியோடு இருந்து அளவு பார்ப்பானாம், பிழை விட்டால் அடிப்பானாம்.

நீயும் மருமகனும் ஒற்றுமையாக, குறை ஒன்றும் இல்லாமல் வாழ வேண்டும், மாமாங்கேஸ்வரர் உங்களுக்குத் துணை. மறந்துவிடாதே, உங்கள் ஊர்த் தடாகத்துக்குப் போய் வாசல் சாய்வை அளவு நாடா பிடித்து அளந்து, நீளம், உயரம், கைப்பிடி எல்லாம் எழுதி அனுப்பு, தரையைக் கையால் தடவிப் பார்த்து எப்படி இருக்கிறது என்றும் எழுது.

கன்னம் இரண்டும் வீங்கின உன் அப்பா,
மேசன் இளையதம்பி