ஐம்பத்து மூன்று வயதில் ஒரு ஸ்டியரிங்

பிப்ரவரி 4

அன்புள்ள என்னங்க அவர்களுக்கு,

இங்கே நான் நலம். அங்கே உங்கள் பாய்லரும் நீங்களும் நலமா? போனில் பேசினால் மூன்றாவது நிமிஷமே கத்த ஆரம்பித்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம்.

சின்னவளும் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பழக்கத்தில் இரண்டு தட்டு எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். ஸ்கூல் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போய்ப் பத்து வருஷமாகிறது. எப்போதும் டிரைவர் பக்கத்துச் சீட்டுதான். அவர் கிளச்சை மிதிக்கும்போதெல்லாம் என் காலும் சும்மா தரையை மிதிக்கும்.

டவுன் பஸ் ஓட்டப் பெண்களை எடுக்கிறார்கள். ஐம்பத்தைந்து வயது வரை சேரலாம், பயிற்சியும் அவர்களே தருகிறார்கள். எழுதிப் போட்டேன், கூப்பிட்டுவிட்டார்கள். திட்டுவதென்றால் கடிதத்திலேயே திட்டுங்கள்.

உங்கள் வாயாடி


பிப்ரவரி 21

வாயாடிக்கு,

உனக்கென்ன பைத்தியமா? முட்டி வலிக்கிறதென்று மாடிப்படி ஏறவே முனகுகிறவள் பஸ் ஓட்டப் போகிறாயா? நவம்பரில் எனக்கு வேலை முடிகிறது. இருபத்திரண்டு வருஷம் இந்த வெளிநாட்டில் பாய்லர் வெக்கையில் நின்றது எதற்கு? வந்து கதவைத் தட்டினால் நீ திறப்பாய் என்றுதானே?

தங்கச்சி போன் செய்தாள். "அண்ணி பஸ் ஓட்டப் போறாங்களாமே, ஏண்ணே, நீ ஒழுங்கா பணம் அனுப்பறதில்லையா?" என்று கேட்கிறாள். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? நான் வருவதற்குள் இதையெல்லாம் விட்டுவிடு.

உன்னவன்


ஏப்ரல் 9

அன்புள்ள என்னங்க அவர்களுக்கு,

உங்கள் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. டெஸ்டில் பெயில். ரிவர்ஸில் தகர டிரம்மை இடித்துத் தள்ளிவிட்டேன். கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் நம் பெரியவன் வயசு. ஒருத்தரும் சிரிக்கவில்லை, அதுதான் ரொம்ப வலித்தது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தால் டிரெய்னிங் மாஸ்டர் நிற்கிறார். "அழுது முடிச்சாச்சா? வாங்க, வண்டி சும்மாதான் நிக்குது. இந்தத் தடவை பின்னாடி திரும்பாதீங்க, கண்ணாடிய நம்புங்க" என்றார்.

கதவைத் திறக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷம் நின்றவள் நான். கோபமில்லை. இரண்டு பிள்ளைகளும் உங்கள் வேர்வையில் படித்தவர்கள். ஆனால் நீங்கள் வந்த பிறகுதான் என் ஆசைகளுக்கு நேரம் பார்க்க வேண்டும் என்றால், அதுவரை என் முட்டி தாங்காது.

அடுத்த டெஸ்ட் மே மாதம்.

உங்கள் வாயாடி


ஜூன் 30

அன்புள்ள என்னங்க அவர்களுக்கு,

பாஸ்! பாஸாகி, பஸ்ஸும் கொடுத்துவிட்டார்கள்.

முதல் நாள் ஒருவர் படியில் கால் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பொம்பளையா ஓட்டுது? நான் அடுத்த பஸ்ல வரேன்" என்று இறங்கிவிட்டார். நாலாம் நாள் அவருக்கே ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. ஏறிக்கொண்டு, "கொஞ்சம் வேகமா போங்கம்மா" என்கிறார். "வேகமா எல்லாம் போகமாட்டேன் சார், சரியா போவேன்" என்றேன். இப்போது தினமும் என் பஸ்ஸுக்குத்தான் காத்திருக்கிறார்.

காலையில் பாலத்தின் உச்சிக்கு வரும்போது ஊர் மொத்தமும் கண்ணாடிக்கு முன்னால் வந்து நிற்கிறது. நேற்று வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கண்டக்டர் பொண்ணு, "என்னக்கா, லாட்டரி விழுந்துச்சா?" என்று கேட்டாள். முட்டி வலியா? கிளச்சை மிதித்து மிதித்தோ என்னவோ, அது என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டது.

உங்கள் வாயாடி


செப்டம்பர் 14

அன்புள்ள என்னங்க அவர்களுக்கு,

இரண்டு கடிதம் போட்டும் பதிலில்லை. போனில் பிள்ளைகளோடு மட்டும் பேசுகிறீர்களாம்.

எனக்கு நீங்களும் வேண்டும், ஸ்டியரிங்கும் வேண்டும். இரண்டில் ஒன்று என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குப் பயம் என் வேலையைப் பார்த்தா? இல்லை, வேலையே இல்லாமல் வரப்போகும் நாட்களைப் பார்த்தா?

உங்கள் வாயாடி


நவம்பர் 18

அன்புள்ள வாயாடிக்கு,

இதை நம் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்றே வந்துவிட்டேன், கதவைத் தட்டத் தைரியமில்லாமல் லாட்ஜில் தங்கினேன். இன்று பக்கத்து வீட்டில் சாவி வாங்கினேன். நீ வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. நேரில் பேசினாலும் மூன்றாவது நிமிஷம் கத்திவிடுவோம்.

நீ கேட்டதற்குப் பதில் தெரியாமல்தான் எழுதவில்லை. கடைசி நாள் கையுறையைக் கழற்றிக் கொடுத்தபோது தெரிந்துவிட்டது. நாளைக் காலையில் எதற்கு எழுந்திருப்பது என்ற பயம். எனக்கு எதுவும் மிச்சமில்லாதபோது உனக்கு ஒன்று புதிதாகக் கிடைத்ததைப் பொறுக்க முடியவில்லை. அதைத்தான் முட்டி வலி, தங்கச்சி பேச்சு என்று சுற்றி வளைத்து எழுதினேன். மன்னித்துவிடு. சோறு வைத்திருக்கிறேன், குழைந்துவிட்டது. நாளைக்கு இதைவிட நன்றாக வரும். நாளைக்கு எழுந்திருக்க அந்த ஒரு காரணம் இருக்கிறது.

காலையில் உன் பஸ்ஸில் ஏறினேன். பின்வாசல் வழியாக, தொப்பி போட்டுக்கொண்டு. மார்க்கெட் சந்தில் எதிரே லாரி வந்ததே, ஞாபகமிருக்கிறதா? லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி, "பின்னாடி எடும்மா, முடியுமா?" என்று இளித்தான். நீ கண்ணாடியைப் பார்த்தாய். அத்தனை நீள வண்டியை ஒரே மூச்சில் இரண்டு கடைக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாய். பஸ்ஸே கை தட்டியது. எல்லாரும் நிறுத்திய பிறகும் நான் தட்டிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

பக்கத்துச் சீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து, "டிரைவரம்மா உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார்.

'என் வீட்டுக்காரி' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "நான் அவங்க வீட்டுக்காரர்" என்றேன்.

உன்னவன்